ஸ்டெப்னி கேட்ட கேள்விகள்

ஒரு சின்னக் காருக்கு அதன் முதலாளி பெரிய அலாய் சக்கரமும் அகலமான டயரும் வாங்கி மாட்டினார். டிக்கிக்குள் கிடந்த ஸ்டெப்னி மட்டும் பழைய அளவு. வெளியே என்ன நடக்கிறது என்று கேட்காமல் அதற்கு இருப்புக் கொள்ளாது.

"ஏம்ப்பா புதுசு, மட்கார்டுல உரசலையா?"

"கடையிலேயே ஓட்டிப் பாத்தாச்சு. விரல் நுழையற அளவுக்கு இடம் இருக்கு," என்றது பெரிய பின் டயர்.

"அப்போ பின் சீட்டுல எத்தனை பேர்?"

"யாருமில்லை."

"காலி வண்டியிலயா அளவு பாத்தீங்க? உருப்பட்ட மாதிரிதான்!"

"உனக்குப் பொறாமைய்யா."

ஞாயிற்றுக்கிழமை காதுகுத்துக்குக் கிளம்பினார்கள். பின் சீட்டில் மட்டும் நாலு பேர். முதல் வேகத்தடையில் வண்டி அமுங்கியது. மட்கார்டின் விளிம்பு டயரைச் சரக்கென்று கீறியது.

"ஐயோ, இன்னும் ரெண்டு தடை வந்தா நான் கிழிஞ்சே போயிடுவேன்!" என்று அலறியது டயர்.

"பயப்படாதே. சத்தம் முதலாளிக்கும் கேட்டிருக்கும். உன்னைக் கழற்றிடுவார்," என்றது ஸ்டெப்னி.

அடுத்த தடைக்கு முன்னால் வண்டி நின்றது. கதவுகள் திறந்தன. பாரம் குறைந்து வண்டி மேலெழும்பியது.

"என்ன, மண்டபம் வந்துடுச்சா?"

"இல்லை. எல்லாரையும் இறக்கிவிட்டுட்டார். அவரோட மாமியார்கூட பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு வெயில்ல நடந்து வர்றாங்க. நாம மட்டும் ஜம்முனு தாண்டறோம்."

"முதலாளி ஒண்ணும் சொல்லலையா?"

"தலையை வெளியே நீட்டிக் கேக்கறார். 'அத்தே, அங்கேருந்து பாக்க வண்டி எப்படியிருக்கு?'"