கறுப்புக் குடையும் நாலாவது கியரும்

“நாலாவது கியர் வேற ஆள், கறுப்புக் குடை வேற ஆள் சார். ரெண்டு பேரையும் ஒரே ஆள்னு முடிவு பண்ணித் தடை போட்டிருக்கீங்க. இன்னிக்கே எடுத்து விடணும்.”

செய்தித் தளத்தில் வாசகர் கருத்துகளுக்குப் பொறுப்பானவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதினோரு வருடமாக ஊரார் சண்டையைப் படித்துச் சம்பளம் வாங்குகிறவர். எழுத்தில் எகிறுகிறவர்கள் நேரில் எப்படிப் பம்முவார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. இவள் பம்மவில்லை. நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும்.

“நீங்க இதுல யாரும்மா?”

“கறுப்புக் குடை.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. அந்த இரண்டு பெயர்களையும் தெரியாதவர்கள் அலுவலகத்திலேயே கிடையாது. தொழில்நுட்பச் செய்தி எது வந்தாலும் அதற்குக் கீழே இரண்டும் முட்டிக்கொள்ளும். ஓட்டுநர் இல்லாத பேருந்தைப் பற்றி நாலு வரி போட்டால் போதும். ‘இயந்திரத்துக்கு பிரேக் பிடிக்கத் தெரியும், பயப்படத் தெரியுமா?’ என்று கியர் கேட்கும். ‘இயந்திரம் ஸ்டியரிங்கில் சாய்ந்து தூங்காது பெரியவரே’ என்று குடை திருப்பிக் கொடுக்கும். அன்றைக்கு இருநூறு பதிலாவது ஓடும். செய்தியைப் படிக்காதவர்கள்கூடச் சண்டையைப் படிக்க வருவார்கள்.

“காதுல பூ சுத்தாதீங்கம்மா. ரெண்டும் ஒரே வீட்டு இன்டர்நெட்லேருந்து வருது. அந்த லைன் போச்சுன்னா ரெண்டு பேரும் சேர்ந்து காணாம போறாங்க, வந்தா சேர்ந்து வர்றாங்க. ஒரே ஆள் ரெண்டு பெயர் வச்சுக்கிட்டு, தன்னையே திட்டிக் கூட்டம் சேர்க்கறது இங்க புதுசில்ல. மாசத்துக்கு நாலு பேரைப் பிடிக்கறேன்.”

“ஏன், ஒரே வீட்ல ரெண்டு பேர் இருக்கக் கூடாதா?”

“இருக்கலாம். ஆனா ஒரே வீட்ல இருக்கறவங்க எதுக்கு இங்க வந்து எழுதணும்? எதிர்ல நின்னு கத்திட்டுப் போயிட மாட்டாங்களா?”

அவள் முதல் முறையாகத் தயங்கினாள்.

“கியர் எங்கப்பா சார். பஸ் டிரைவர். நான் டிரைவர் இல்லாத பஸ்ஸைச் சோதிச்சுப் பார்க்கற கம்பெனில வேலை பார்க்கறேன்.”

பொறுப்பாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளைச் சரியாகப் பார்த்தார்.

“வேலை கிடைச்ச அன்னிக்குச் சொன்னேன். ‘என் வயித்துல அடிக்கவா உன்னைப் படிக்க வச்சேன்?’னு கேட்டார். நானும் சும்மா இருக்கல, வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். அதோட பேச்சு நின்னுச்சு. ரெண்டு வருஷமாச்சு. எதுவா இருந்தாலும் அம்மா மூலமாத்தான். ஒருநாள் அவர் போன் சார்ஜ்ல கிடந்தப்ப இந்தக் கியர் பெயரைப் பார்த்தேன். அன்னிக்கே நான் குடையா வந்துட்டேன்.”

“சண்டை போடறதுக்கா?”

“பேசறதுக்கு சார். சண்டை போட்டாத்தான் அவர் பேசுவார். அவர் ரூட்லதான் எங்க பஸ் சோதனைக்கு ஓடுது. மழைத் தண்ணி தேங்கியிருந்தா நடு ரோட்ல நின்னுடுதுன்னு எழுதினார். நான் வரிஞ்சு கட்டிக்கிட்டு மறுத்தேன். மறுநாள் போய்ச் சோதிச்சா, அப்பா சொன்னதுதான் சரி. இப்படி மூணு தப்பைத் திருத்தியிருக்கோம். எங்க ஆபீஸ்ல யாருக்கும் அது எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியாது.”

பெருமையை மறைக்க அவள் முயற்சி செய்யவே இல்லை.

“நாலு நாளா மனுஷன் போனை எடுக்கறார், பார்க்கறார், கவுத்து வைக்கறார். அம்மா கேட்டா ஒண்ணுமில்லைங்கறார். எனக்குத் தாங்கல சார். எனக்கு அப்பாகூடப் பேச வேற இடம் கிடையாது.”

“கறுப்புக் குடை நீங்கதான்னு அவருக்குத் தெரியுமா?”

“சத்தியமா தெரியாது!” அவள் சிரித்தாள். “தெரிஞ்சா அந்த நிமிஷமே நிறுத்திடுவார். அவ்வளவு ரோஷம். தடையை எடுக்கறப்ப காரணம் கீரணம்னு எதையாவது எழுதி அவருக்கு அனுப்பிடாதீங்க.”

“விதிப்படி ரெண்டு பேரும் தனித்தனியா கேட்டிருந்தாத்தான் எடுக்க முடியும்.”

“அவர் யார்கிட்டயும் போய்க் கேட்டு நிக்கற ஆள் இல்ல சார். நான் கேட்டதையே ரெண்டு பேருக்கும் சேர்த்து வச்சுக்கோங்க. அஞ்சு மணிக்கு டூட்டி முடிஞ்சு வருவார், அதுக்குள்ள எடுத்துட்டா நல்லது.”

உத்தரவு போடுகிற மாதிரிச் சொல்லிவிட்டு எழுந்து போனாள். பொறுப்பாளருக்குக் கோபம் வரவில்லை. விதியை எந்தப் பக்கமாக வளைக்கலாம் என்று யோசித்துக்கொண்டே, தடை செய்யப்பட்டவர்களின் முறையீட்டுப் பெட்டியைத் திறந்தார். நாலு நாளாக யாரும் தொடாத பெட்டி. முன்னூற்றுச் சொச்சம் கடிதங்கள் இருந்தன. தேடிக்கொண்டே அடிவரைக்கும் போனார். தடை விழுந்த ஒரு மணி நேரத்திலேயே வந்த கடிதம் ஒன்று அங்கே கிடந்தது.

‘ஐயா, நாங்கள் இருவரும் ஒரே ஆள் இல்லை. என் மேல் தடை இருந்தால் இருக்கட்டும், கறுப்புக் குடையை விட்டுவிடுங்கள். அது என் மகள். எதிர்த்து எழுதுவது அப்பாதான் என்று தெரிந்தால் நிறுத்திவிடுவாள், அவளிடம் மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.’