விருந்தாளிப் பேச்சு

அந்த மலைப்பேச்சு பேச மாதி ஒருத்திதான் மிச்சம். அவளுக்குத் துணையாக, செத்துப்போன புருஷன் பெள்ளன் குரலிலேயே பேசும் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள் மொழி ஆராய்ச்சிக்காரி கற்பகவல்லி. முப்பது வருஷமாக வந்து வந்து பதிவு செய்ததில் உருவானது.

ஒரே வாரத்தில் மாதி அதைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டாள்.

"வாங்க, உட்காருங்க, சாப்பிட்டீங்களான்னு என் வீட்டுலயே என்னை உபசாரம் பண்ணுது. அந்த ஆளு என்னை அப்படிக் கேட்டதே இல்ல. கொஞ்சினாக்கூட வசவுதான்."

"பதிவுல ஒரு வசவுகூட இல்லையே மாதியம்மா."

"விருந்தாளி முன்னால எங்க சனம் வைய மாட்டோம்."

கற்பகவல்லி அவசரமாக ரெக்கார்டரை எடுத்தாள். "அதையெல்லாம் இப்பச் சொல்லுங்க."

மாதிக்கு நல்ல வசவு ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, "காப்பி குடிக்கிறீங்களா?" என்றாள்.