இரண்டாம் மாடிப் புகார்

“இன்னிக்கும் பிடிச்சுக்கிட்டாரா அந்த ரெண்டாம் மாடி?”

கதவைத் திறந்ததுமே கணவன் கேட்டான். மனைவி பையை அவன் கையில் கொடுத்துவிட்டுச் சோபாவில் சாய்ந்தாள்.

“ஆமா. பாத்ரூம் குழாயில தண்ணி ரொம்ப வேகமா வருதாம்.”

“போன வாரம் மெதுவா வருதுன்னாரே?”

“அது கிச்சன் குழாய்.”

குடிநீர் அலுவலகத்தில் புகார் வாங்கும் இருக்கை அவளுடையது. பதினொரு வருடத்தில் ஒருவரையும் ‘நாளைக்கு வாங்க’ என்று திருப்பி அனுப்பியதில்லை. கொரோனா வந்து போன பிறகும் அப்படித்தான். உடம்புதான் பழையபடி இல்லை. கொஞ்சம் அதிகமாக அலைந்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாள் தலை தூக்க முடியாது, இரண்டு நாள் படுக்கை. விடுப்பெல்லாம் தீர்ந்துவிட்டது. இன்னொரு முறை படுத்தால் வேலையே சந்தேகம். வீடோ நான்காவது மாடி. லிஃப்ட் கிடையாது.

“மாடி ஏறவே உனக்குத் தெம்பில்ல. நடுவுல இருபது நிமிஷம் அந்த ஆளோட புலம்பல் வேறயா? முடியலைன்னு சொல்லிட்டு வர வேண்டியதுதானே?”

“முடியலைன்னு நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். உங்ககிட்டயே சொன்னதில்ல. பாவம்ங்க, தனி ஆள். பேச்சுத் துணைக்கு ஏங்கறார்.”

“இரு, நான் போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்.”

“ஏங்க... வேண்டாங்க!”

அதற்குள் அவன் பாதி தூரம் இறங்கிவிட்டான்.

தையல் மிஷின் பழுது பார்க்கும் அந்த மனிதர், எண்ணெய்க் கையோடு கதவைத் திறந்தார்.

“வாங்க தம்பி.”

“சார், உங்க குழாய்க்கு என்னதான் வேணும்? என் பொண்டாட்டி உடம்புக்கு முடியாதவ. தினமும் அவளை வழிமறிச்சு... உங்களுக்கே நல்லா இருக்கா?”

அவர் மாடிப்படியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“குழாய் நல்லாத்தான் இருக்கு.”

“அப்புறம்?”

“போன மாசம் இந்தப் படியில மூச்சு வாங்கிட்டு நின்னாங்க. ‘உட்காருங்கம்மா’ன்னேன். ‘எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்’னு விடுவிடுன்னு ஏறிட்டாங்க. அப்புறம் ரெண்டு நாள் ஆளையே காணோம். என் தம்பிக்கும் கொரோனாவுக்கு அப்புறம் இதே பாடுதான், எனக்குத் தெரியாதா? அடுத்த தடவை நாற்காலியை எடுத்துப் போட்டு, ‘ஒரு புகாரும்மா’ன்னேன். உடனே உட்கார்ந்துட்டாங்க. அன்னியிலேருந்து ஒரு நாளாவது படுத்தாங்களா, சொல்லுங்க?”

கணவன் யோசித்துப் பார்த்தான். படுக்கவில்லை.

“ஆனா தம்பி, குழாயைப் பத்திச் சொல்ல இனிமே எனக்கு ஒண்ணுமில்ல. நாளைக்கு என்ன புகார் சொல்லலாம்னு நீங்களாவது ஒண்ணு யோசிச்சுக் குடுத்துட்டுப் போங்க.”