சக்கரத்தில் ஒரு பூட்டு

"அம்மா, இப்பக் கிளம்ப முடியாது. கார் சக்கரத்துல பூட்டு போட்டுட்டாங்க."

காரை எடுக்கக் கீழே போன பகலவன், மூச்சு வாங்க மாடியேறி வந்து சொன்னான். பெண் பார்க்க வந்து, காபியும் குடித்துவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த அவன் அம்மா அம்சம் அப்படியே நின்றாள்.

"யாருடா போட்டது?"

"வாட்ச்மேன்தான். வெளி வண்டி நின்னா பூட்டிடணும்னு இந்த அப்பார்ட்மென்ட்ல ரூலாம். சாவி செகரட்டரிகிட்ட இருக்காம். அவரு கும்பகோணத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்காராம்."

பெண்ணின் அப்பா வீரையனுக்கு முகம் தொங்கிப்போயிற்று. செகரட்டரி தங்கமணிக்குப் போன் போட்டுப் பார்த்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"மேளச் சத்தத்துல அவருக்கு எங்க கேக்கப்போவுது!" என்றாள் அம்சம். "வாடா, பஸ்ஸைப் பிடிச்சுப் போயிடலாம். சாயங்காலம் வயலுக்கு அறுப்பு மெஷின் வருது."

"மாமா காரும்மா. விட்டுட்டுப் போனா சும்மா இருப்பாரா?"

அம்சம் முணுமுணுத்துக்கொண்டே செருப்பைக் கழற்றினாள்.

சமையலறை வாசலில் நின்ற பூவிழிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தஞ்சாவூரில் இந்த வீட்டுக்கு வந்து அவளைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்லிவிட்டுப் போனார்கள். "ஊருக்குப் போய்த் தகவல் சொல்றோம்." போனவர்கள் போனவர்கள்தான். சற்றுமுன் அம்சமும் அதையேதான் சொன்னாள். வழக்கமாக அதைக் கேட்டதும் பூவிழி டம்ளர்களைக் கழுவப் போய்விடுவாள். இன்றைக்கு மட்டும் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

காரணம் பகலவன். நாற்காலி போதாமல் அவள் அப்பா நின்றபோது, தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளிவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். அந்த ஒன்றிலேயே அவளுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. இவன் போய்விடக் கூடாதே என்று ஏங்கினாள். அவனோ அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மதியமாயிற்று. வீரையன் கையைப் பிசைந்தார். "ரெண்டு வாய் சாப்பிடலாமேம்மா."

"இருக்கட்டுங்க. பேச்சு முடியாம பொண்ணு வீட்டுல கை நனைக்கிறது எங்க பக்கம் வழக்கமில்ல" என்றாள் அம்சம், கறாராக. சம்பந்தம் உறுதியானால்தான் சோறு. அதுவரை காபியோடு சரி.

வழக்கம் வாயில் இருந்தாலும் வயிறு கேட்க வேண்டுமே. ரசத்தின் வாசனை கூடம்வரை வந்தபோது அம்சம் ஒருமுறை உட்கார்ந்த இடத்தில் நெளிந்தாள். தொடர்ந்து கருகல் நாற்றம் வந்தபோது எழுந்தே விட்டாள்.

"என்ன தீயுது?"

"அப்பளங்க" என்றாள் பூவிழி, கரியைக் கரண்டியால் எடுத்தபடி. "அம்மா போனதுல இருந்து அப்பாதான் சமையல். அவருகிட்ட நான் எல்லாம் கத்துக்கிட்டேன், அப்பளம் மட்டும் வசப்பட மாட்டேங்குது."

"பள்ளிக்கூடத்துல என்ன பாடம் எடுக்குறே?"

"கெமிஸ்ட்ரிங்க."

"அங்கயும் எல்லாத்தையும் எரிச்சுட்டுதான் வர்றியா?"

பூவிழி வாய்விட்டுச் சிரித்தாள். அம்சத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "நகரு தாயி" என்று கரண்டியை வாங்கிக்கொண்டாள். அடுப்பைத் தணித்து, அப்பளம் பொரித்து, பதம் பார்க்க ஒரு துண்டை ஒடித்து வாயில் போட்டாள். அப்புறம் வழக்கமாவது ஒன்றாவது! ரசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

"டேய், மெஷின்காரருக்குப் போன் போட்டு, பக்கத்து வயலை முதல்ல அறுக்கச் சொல்லு" என்றாள், கை கழுவிக்கொண்டே. பிறகு பூவிழியைப் பக்கத்தில் உட்கார வைத்து ஊர்க்கதை, உறவுக்கதை எல்லாம் பேசினாள்.

பகலவன் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான். கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "பூட்டை எடுத்துட்டாங்கம்மா, வாங்க" என்றான். அவ்வளவுதான் அவன் பேச்சு.

கிளம்பும்போது அம்சம் பூவிழியின் கன்னத்தைத் தடவினாள். "வர்றேன் தாயி" என்றாள். தகவல் சொல்கிறோம் என்கிற வார்த்தை இந்தத் தடவை வரவில்லை. பகலவன் அதற்குள் இரண்டிரண்டு படியாக இறங்கிப் போயிருந்தான்.

ஜன்னல் வழியே கார் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள் பூவிழி. அவன் அம்மாவுக்குப் பிடித்து என்ன பிரயோசனம்? கட்டிக்கொள்ள வேண்டியவனுக்கு இவள் முகம்கூட நினைவிருக்காதே.

வீரையனோ கொதித்துக்கொண்டிருந்தார். "வீடு தேடி வந்தவங்க வண்டிக்குப் பூட்டா? தங்கமணி வரட்டும், இந்த வாட்ச்மேன் ஐயாவுவை இன்னைக்கே வேலையை விட்டுத் தூக்கச் சொல்றேன்!" என்று தடதடவென்று இறங்கினார். அப்பாவைச் சமாதானப்படுத்தப் பூவிழியும் பின்னாலேயே ஓடினாள்.

விஷயத்தைக் கேட்டதும் வாட்ச்மேன் ஐயாவு பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். "செகரட்டரிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சார். வண்டி விருந்தாளிங்க நிறுத்துற இடத்துல ஒழுங்காத்தான் நின்னுச்சு. சாவியும் என் சட்டைப்பையிலதான் இருந்துச்சு."

"அப்புறம் எதுக்குய்யா பூட்டுனே?"

ஐயாவு பூவிழியைப் பார்த்துத் தயங்கிவிட்டுச் சொன்னார்:

"அந்தத் தம்பிதான் ஓடிவந்து என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாரு சார். 'அண்ணே, சக்கரத்துல பூட்டைப் போடுங்க, எங்கம்மா மதியச் சோறு சாப்பிடுறவரைக்கும் எடுக்காதீங்க. அந்தப் பொண்ணை விட்டுட்டுப் போக எனக்கு மனசே வரலை'ன்னு கண்ணு கலங்கிட்டாரு."