நானூறு மீட்டருக்கு அப்பால்

மேசைமேல் இரண்டு டிவிகள். இடது பக்கத்து டிவியில் பழைய கேம் கன்சோல், வலது பக்கத்தில் புதியது. இரண்டிலும் ஓடிக்கொண்டிருந்தது நாங்கள் செய்த அதே வீடியோ கேம்.

"புதுசுல பாருங்க, பனிமூட்டமே இல்ல!" என்றார் கன்சோல் கம்பெனியிலிருந்து வந்திருந்தவர். முகத்தில் அவ்வளவு பெருமை.

நான் இடது பக்கத்து டிவியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழைய கன்சோல் கடைக்கு வந்து மூன்று வருடம்கூட முழுதாக ஆகவில்லை. ஏழு வருடத்துக்கு வேறு மாடல் வராது என்று சொல்லித்தான் விற்றார்கள். இப்போது பாதியில், அதைவிடச் சக்தியுள்ள ஒன்றைக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். காசு சேர்த்துப் பழையதை வாங்கியவர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

எங்கள் கேமைப் புதியதற்கு மாற்றவே கூடாது என்று ஆபீசில் இரண்டு மாதமாகத் தொண்டை வற்றக் கத்தினேன். வாங்கியவர்களுக்காகப் பரிந்து பேசுகிறேன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். சிலர் பாராட்டவும் செய்தார்கள்.

நான் கத்தியது பனிக்காக.

பழைய கன்சோலால் நானூறு மீட்டர் தூரம்வரைதான் காட்ட முடியும். அதற்கு அப்பால் இருப்பது தெரியாமலிருக்கப் பனியைப் போட்டு மூடிவிடுவோம். எங்கள் கேமில் வரும் துறைமுக ஊரிலும் அப்படித்தான். படகுத்துறையில் நின்று பார்த்தால் கொஞ்சம் கடல், பிறகு வெறும் வெள்ளை. கேமை விளையாடுகிற யாரும் எதிர்க்கரைக்குப் போக முடியாது.

ஊர், கடல், வானம் எல்லாம் நான் வரைந்தவை. எதிர்க்கரையில் என் மகளை வைத்திருந்தேன்.

பதினோரு மாதக் குழந்தையாக இறந்துபோனாள். மூன்றாவது வாரம் வேலைக்குத் திரும்பி, ஒரே மத்தியானத்தில் உட்கார்ந்து அவளைச் செய்து முடித்தேன். மஞ்சள் கவுன் போட்டுவிட்டேன். எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியிருந்த சமயம் அது. அதனால் பக்கத்தில் ஒரு கல்லும் வைத்தேன். கல் அவள் மார்பு உயரம்.

அதன்பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு முறைக்குத்தான் தெம்பு இருந்தது. ஏழு வருடம் யார் கண்ணிலும் பட மாட்டாள், அதற்குள் நானும் தேறிவிடுவேன் என்று நம்பினேன்.

என் கணவர் இதே ஆபீசில் புரோகிராமர். அவர் அழவில்லை. அவள் பெயரைக்கூட அதன்பின் வாயில் எடுக்கவில்லை. தினமும் எனக்கு அரை மணி நேரம் கழித்துத்தான் வீட்டுக்கு வருவார். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். மனதுக்குள் திட்டிக்கொண்டேதான் மூன்று வருடம் குடித்தனம் நடத்தினேன்.

எங்கள் கேமின் டைரக்டர் கன்ட்ரோலரை எடுத்து, இரண்டு டிவியிலும் படகுத்துறையின் நுனிவரை நடந்தார். இடது டிவியில் பனி. வலது டிவியில் எதிர்க்கரை பளிச்சென்று தெரிந்தது.

"அங்க யாரோ நிக்கிறாங்களே?" என்று கிட்டத்தில் இழுத்துக் காட்டினார்.

கல் நான் வைத்த இடத்திலேயே இருந்தது. அவள் அதைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. கல் இப்போது அவள் தொடைக்குத்தான் வந்தது.

புதிய கன்சோல் உருவத்தின் அளவைத் தப்பாகக் காட்டுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படியென்றால் கல்லும் பெரிதாகியிருக்க வேண்டுமே. கல் அதே கல். அவள் தலைமுடி இரட்டைச் சடை போடும் அளவுக்கு வளர்ந்திருந்தது. மஞ்சள் கவுனின் கீழ்மடிப்பைப் பிரித்து நீளமாக்கியிருந்தது. பிரித்த இடத்தில் பழைய தையலின் கோடு தெரிந்தது. வளரும் பிள்ளைக்கு வீட்டில் செய்வதுபோல.

இருந்திருந்தால் அவளுக்கு அடுத்த மாதம் நாலு வயது முடியும்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவரின் கையை மேசைக்கு அடியில் பிடித்தேன். என்ன மனிதர் இவர்! ஒரு வார்த்தை பேசாமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளையை வளர்த்துக்கொண்டு வந்திருக்கிறார். இவரையா இத்தனை நாள் திட்டினேன்? எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"எப்பங்க இதெல்லாம் செஞ்சீங்க?" என்றேன் மெல்ல.

அவர் கண் டிவியைவிட்டு நகரவில்லை. கை சில்லிட்டிருந்தது.

"நானா? நீதான் செய்யறேன்னு நெனச்சேன். தெனமும் சாயங்காலம் என் கம்ப்யூட்டர்ல பனியை எடுத்துட்டு, அவளை ஒரு தரம் பாத்துட்டுத்தான் வீட்டுக்கு வருவேன்."

டைரக்டர் காதில் இது எதுவும் விழவில்லை. அந்தக் குழந்தையை எடுத்துவிடலாமா, இல்லை புதியதிலும் பனியைப் போட்டு மூடிவிடலாமா என்று என்னைக் கேட்டார்.

அந்தப் பனி போய்விடக் கூடாது என்றுதான் இரண்டு மாதமாகப் போராடினேன். இப்போது டிவியில் அவளைப் பார்த்தேன். தானாக நடக்கக் கற்று, முடி வளர்ந்து, ஒரு குழந்தை இத்தனை நாளும் அந்த வெள்ளைக்குள் தனியாக நின்றிருக்கிறாள். நிற்க வைத்தவள் நான்.

"ரெண்டும் வேண்டாம் சார்," என்றேன்.

டைரக்டர் கன்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். கம்பெனிக்காரரும் பார்த்தார். டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தது நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

அவள் கல்லின்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையை நெற்றியில் வைத்து, கண்ணை இடுக்கி, படகுத்துறைப் பக்கம் யாரையோ தேடிக்கொண்டிருந்தாள்.

பனி விலகினால் இந்தக் கரை அவளுக்கும் தெரியும். அது ஏன் எனக்கு இதுவரை தோன்றவே இல்லை?