மதிலோரத்துச் சோறு

கைப்பிடிச் சுவரில் வாழையிலைத் துண்டை விரித்து, ரசஞ்சோற்றை வைத்துவிட்டு அவள் கூப்பிட்டாள்.

கா... கா...

தண்ணீர்த் தொட்டி மேலிருந்து அந்தக் காகம் இறங்கி வந்தது. எப்போதும் முதலில் வருவது அதுதான். மற்றவை பிறகுதான் வரும்.

அது இரண்டு வாய் தின்றிருக்கும். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

வந்தது ஓர் இளம்பெண். கழுத்தில் விமான நிலையத்து அடையாள அட்டை தொங்கியது. அந்தப் பெண்ணுக்கு வழிகாட்டிக்கொண்டு இவள் கணவர் சிங்காரமும் ஏறி வந்தார்.

“கோவிச்சுக்காதீங்கம்மா. இங்க பறவைக்குச் சாப்பாடு வைக்கக் கூடாது.”

மாடிக்கு எதிரே சாலை. சாலையைத் தாண்டி மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் ஓடுபாதை.

அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். இந்தச் சுற்றுவட்டாரத்தில் கறிக்கழிவு கொட்டக் கூடாது. குப்பை எரிக்கக் கூடாது. பட்டம் விடக் கூடாது. சோறு வைப்பதும் அதில் சேர்த்திதான். தின்ன வருகிற காகங்கள் மதிலுக்கு மேலே பறக்கின்றன. போன வாரம், மேலே ஏறிய விமானத்தின் இஞ்சினில் ஒரு பறவை சிக்கிவிட்டது. பாதியில் திருப்பிக்கொண்டு வந்து இறக்கினார்கள்.

“உள்ள எத்தன பேரு இருந்தாங்க?”

“நூறு பேருக்கு மேலம்மா. கைக்குழந்தைங்ககூட இருந்துச்சு.”

“எல்லாரும் நல்லபடியா எறங்கிட்டாங்களா?”

“எறங்கிட்டாங்கம்மா.”

அவள் இலையைச் சோற்றோடு மடித்து எடுத்தாள். காகம் சற்று நகர்ந்து உட்கார்ந்து அவள் கையையே பார்த்தது.

அந்தப் பெண் கிளம்பாமல் நின்றாள். “யாருக்காக வைக்கிறீங்க?”

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் படியிறங்கினார்.

“எம் பையனுக்கு.”

பரிதிக்கு இருபத்திரண்டு வயது. வயிற்றுவலி என்று மருத்துவமனையில் சேர்த்தார்கள். குடலில் ஓட்டை, காலையில் ஆபரேஷன், அதுவரை வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்றார் டாக்டர்.

அன்று மாலை முழுக்க அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். பசிக்கிறது என்றான். ஒரே ஒரு வாய் ரசஞ்சோறு போதும் என்றான்.

அவள் கொடுக்கவில்லை. ஈரத்துணியால் உதட்டை மட்டும் துடைத்துவிட்டாள்.

ஆபரேஷனுக்குள் போனவன் கண் விழிக்கவே இல்லை.

டாக்டர் சொன்னது சரிதான். அது அவளுக்குத் தெரியும்.

இந்தப் பெண் சொன்னதும் சரிதான்.

காரியம் முடிந்த நாளிலிருந்து அந்தக் காகம் வந்துகொண்டிருந்தது. அது தின்ற பிறகுதான் அவள் சாப்பிடுவாள். சிங்காரம் மாடிக்கு வரமாட்டார். பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கீழேயே இருந்துவிடுவார். கொள்ளி வைத்துவிட்டு வந்த பிறகு மகன் பெயரை அவர் வாயால் சொன்னதில்லை.

மறுநாள் அவள் சோறு வைக்கவில்லை.

காகம் வந்தது. கைப்பிடிச் சுவரில் அங்குமிங்கும் நடந்தது. கரைந்தது. பிறகு இறங்கி வந்து சமையலறை ஜன்னலைக் கொத்தியது.

அவள் ஜன்னலைச் சாத்தினாள்.

சாத்திய பிறகும் கொத்துகிற சத்தம் கேட்டது.

அடுத்த நாள் காய்ந்த துணி எடுக்க மேலே போனபோது அது அங்கேயே உட்கார்ந்திருந்தது. அவளைக் கண்டதும் தத்தித் தத்திக் காலருகே வந்தது. அவள் துண்டை வீசினாள். கொஞ்சம் விலகிப் போய் மறுபடி வந்தது. சோறு போடப்போகிறாள் என்று நினைத்ததோ என்னவோ.

அவள் குனிந்து ஒரு செங்கல் சில்லை எடுத்தாள்.

“போடா... இங்க உனக்கு ஒண்ணுமில்ல. போ.”

சில்லு தண்ணீர்த் தொட்டியில் பட்டுச் சிதறியது. காகம் எழும்பி வீடுகளுக்கு மேலாகப் பறந்து போனது. கொஞ்ச நேரத்தில் ஒரு விமானம் தாழ்ந்து வந்து அவள் தலைக்கு மேல் கடந்தது. அது தரையைத் தொட்டு ஓடி நிற்கும்வரை அவள் அசையவில்லை.

அன்று மதியம் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தவள் சோற்றில் கை வைக்கவில்லை.

“சாப்புடு,” என்றார் சிங்காரம்.

“அது இன்னும் சாப்புடலீங்க.”

அவர் தன் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே ரசம் வைத்தார். புளி தூக்கலாக இருந்தது. சோற்றைப் பிசைந்து தூக்குவாளியில் போட்டு மூடினார்.

“கெளம்பு. எவ்ளோ தூரம் தள்ளிப் போகணும்னு அந்தப் பொண்ணுகிட்ட கேட்டுட்டேன்.”

இரண்டு பஸ் மாறிப் போனார்கள். கடைசி நிறுத்தத்தில் இறங்கி ஏரிக்கரை வரை நடந்தார்கள். அங்கே விமானச் சத்தமே இல்லை.

அவள் கரையில் இலையை விரித்துச் சோற்றை வைத்தாள். கூப்பிட வாயெடுத்தாள். கூப்பிடாமல் சிங்காரத்தைப் பார்த்தாள்.

சிங்காரம் கூப்பிட்டார். அவருக்குப் பழக்கமில்லை. குரல் ஒரு மாதிரி பிசிறியது.

கருவேல மரங்களிலிருந்து காகங்கள் வந்தன. ஒன்று, பிறகு நாலைந்து, பிறகு ஒரு கூட்டமே வந்து இலையைச் சூழ்ந்துகொண்டது. அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாவற்றையும் பார்த்து முடித்தாள். மரங்களின் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

அவளுக்குத் தெரிந்த காகம் அந்தக் கூட்டத்தில் இல்லை.

சிங்காரம் தண்ணீரைப் பார்த்தபடி திரும்பி நின்றிருந்தார். அவர் முகம் தெரியவில்லை.

“பரிதி வந்துட்டானா?”

அவள் அவர் முதுகைப் பார்த்தாள்.

“வந்துட்டான்,” என்றாள். “சாப்புடுறான்.”