கன்றுக்குட்டிக்குப் பக்கத்து மேசை

"ஆர்டர் இன்னும் ரெடியாகலம்மா. வெளியில நில்லு."

மேனேஜர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, சட்டையைப் பார்த்துச் சொன்னார். சுடிதாருக்கு மேலே மாட்டிய, டெலிவரி கம்பெனியின் ஆரஞ்சுச் சட்டை. தெருமுனையில் வரும்போதே கண்ணைக் குத்தும்.

ஆர்டர் எடுக்க வரவில்லை, சாப்பிட வந்திருக்கிறேன் என்றேன்.

அவர் சிரித்தார். நான் உட்கார்ந்தேன்.

அது புது வீகன் உணவகம். கறி, மீன், முட்டை மட்டுமல்ல, பால், நெய், தேன்கூடக் கிடையாது. திறந்து சில நாட்கள்தான் ஆகின்றன. சுவரெல்லாம் பச்சை. நான் பிடித்த மேசைக்கு மேலே ஒரு கன்றுக்குட்டி சிரித்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே, 'எல்லா உயிருக்கும் இங்கே இடம் உண்டு' என்று எழுதியிருந்தார்கள்.

கன்றுக்குட்டி உள்ளே இருந்தது. ஆர்டர் எடுக்க வந்த எங்கள் ஆட்கள் வெளியே வெயிலில் நின்றார்கள்.

இந்த நகரத்தில் எங்கே வீகன் கடை முளைத்தாலும் முதலில் தெரிவது எனக்குத்தான். போனில் புதுப் பெயர் விழும், வண்டியைத் திருப்புவேன். எல்லாக் கடைகளின் பின்வாசலும் எனக்கு அத்துப்படி. யார் காளானைப் புதிதாக வாங்குகிறார்கள், யார் முந்திரிப் பாலில் தண்ணீரைக் கலக்கிறார்கள் என்பது வரை சொல்வேன். வாங்கிச் சாப்பிட்டும் இருக்கிறேன். வண்டி சீட்டில் பொட்டலத்தைப் பிரித்து வைத்து, ஆறிப்போனதை. மேசையில் உட்கார்ந்து, தட்டில் ஆவி பறக்க, ஒருமுறைகூட இல்லை.

இன்றைக்குச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுவது என்று வந்திருந்தேன்.

நான் வீகன் ஆனதற்குப் பெரிய கதை ஒன்றும் கிடையாது. சிக்னலில் தினமும் கோழி வண்டிக்குப் பக்கத்தில் நிற்பவள். ஒரு நாள் வேண்டாம் என்று தோன்றியது, விட்டுவிட்டேன். கொஞ்ச நாளில் பாலும் போயிற்று. டீக்கடைக்காரர் இன்னமும் எனக்குக் கறுப்பு டீயைக் காய்ச்சல்காரிக்குக் கொடுப்பதுபோல் பாவப்பட்டுத்தான் கொடுக்கிறார். பணக்காரர்களுக்கு வருகிற வியாதி உனக்கு எதற்கு என்கிறாள் அக்கா. கொள்கையை யாராவது குத்தகைக்கு எடுத்திருக்கிறார்களா என்ன? நாள் முழுக்கப் பொரித்த கோழியை முதுகில் சுமக்கிறேன். சுமப்பதையெல்லாம் தின்ன வேண்டும் என்று சட்டமா?

எங்கள் ஆட்களிடையே என் பெயர் புல்லுக்கட்டு. வைத்தவர் முட்டை அண்ணன். அவர் பையில் எப்போதும் ஓர் அவித்த முட்டை இருக்கும். என்னைக் கண்டால் அதை உரித்துக்கொண்டே கேட்பார்: "ஏம்மா, மாட்டு மேல பாசம்னு சொல்லிட்டு அது சாப்பாட்டையே புடுங்கித் தின்றியே, நியாயமா?"

மேனேஜர் மறுபடி வந்தார். சட்டையைக் கழற்றிவிட்டு உட்காரலாம் என்று பெரிய மனது பண்ணினார். மற்ற கஸ்டமர்கள் சங்கடப்படுகிறார்களாம்.

கழற்ற மாட்டேன் என்றேன். கழற்றிவிட்டால் இங்கே உட்கார்ந்தது வேறு யாரோ ஒருத்தி என்றாகிவிடும்.

அதன்பிறகு என் மேசைப் பக்கம் ஒருவரும் வரவில்லை. எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் சூப் வந்தது. எழுந்து போய்விடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றத்தான் செய்தது. அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

போனை எடுத்தேன். வேலைக்கான செயலியை மூடிவிட்டு, கஸ்டமர்களுக்கான செயலியைத் திறந்தேன். இதே உணவகம். சோளச் சூப், காளான் வறுவல், ரொட்டி. முகவரி: இதே உணவகம், கன்றுக்குட்டிக்குப் பக்கத்து மேசை.

செயலிக்கு என் சட்டை தெரியாது. தூரம் பூஜ்யம் என்று காட்டிவிட்டுப் பேசாமல் ஏற்றுக்கொண்டது.

சமையலறையில் மணி அடித்தது. பொட்டலம் கட்டினார்கள். வாசலில் ஒரு போன் அலறியது. யாருக்குப் போகும் என்று எனக்கே தெரியாது. முட்டை அண்ணனுக்குப் போயிற்று.

அவர் கவுன்டரில் பொட்டலத்தை வாங்கினார். போனைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

ஹெல்மெட்டும் ஆரஞ்சுச் சட்டையுமாக, மேசைகளுக்கு நடுவே நடந்து வந்தார். யாரும் தடுக்கவில்லை. ஆர்டர் கொண்டுபோகிற ஆளை எப்படித் தடுப்பது?

பொட்டலத்தை என் முன்னால் வைத்தார். கேலி செய்வார் என்று காத்திருந்தேன். செய்யவில்லை.

கஸ்டமர் எழுதும் குறிப்பை எங்கள் ஆட்கள் யாரும் படிப்பதில்லை. குழந்தை தூங்குகிறது, மணி அடிக்காதீர்கள் என்று இருப்பதை மணி அடித்த பிறகுதான் பார்ப்போம். குறிப்பைப் படியுங்கள் என்று அவர் போனைக் காட்டினேன்.

உதட்டை அசைத்துப் படித்தார். 'சாப்பாடு இரண்டு பேருக்கு. கொண்டுவருகிறவர் சட்டையைக் கழற்றாமல் எதிர் நாற்காலியில் உட்காரவும்.'

ஹெல்மெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நாற்காலியை இழுத்தார். அந்தச் சத்தத்துக்குக் கடையே திரும்பிப் பார்த்தது.

மேனேஜர் ஓட்டமும் நடையுமாக வந்தார். போனில் 'ஒப்படைத்தாயிற்று' என்று அழுத்தும் வரை எங்கள் ஆள் வேலையில் இருக்கிறார் என்று அர்த்தம். வேலையில் இருப்பவரைத் துரத்தினால் கடைதான் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும். அது மேனேஜருக்கும் தெரியும்.

முட்டை அண்ணன் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"டெலிவரி நடந்துட்டிருக்கு சார்" என்றபடி சூப்பின் மூடியைத் திறந்தார்.

தாமதம் என்று புகார் செய்ய வேண்டிய கஸ்டமர் நான்தான். எனக்கு ஓர் அவசரமும் இல்லை.